ஒரே வகுப்பறை, இரண்டு விசா: ஜெர்மன் படிக்கக் கிளம்பிய ஒரு பொறியாளரின் ஃபைல்

நான் திருச்சியில் ஜெர்மன் சொல்லித் தருகிறவன். விசா ஆலோசகன் அல்ல. ஆனால் ஏ2, அதாவது ஏ1-இல் தொடங்கி சி2 வரை போகும் ஆறு மொழி நிலைகளில் இரண்டாவது, முடித்த கையோடு பாதிப் பேர் என்னிடம் கேட்பது இலக்கணச் சந்தேகம் இல்லை. "சார், மிச்சத்தை அங்கேயே போய்ப் படிச்சா என்ன?" என்பதுதான். கீழே இருப்பது அப்படிக் கேட்ட ஒருவரின் ஃபைல். ஒருமுறை மறுக்கப்பட்டு, மறுமுறை வேறு விசாவில் போனது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெண். வயது 26. சிவில் பி.இ. பழைய பாலங்களைப் பழுதுபார்ப்பதற்கான வரைபடங்கள் போட்டுத் தரும் சின்ன நிறுவனத்தில் நான்கு வருட வேலை. அப்பா மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். கையில் ஏ2 சான்றிதழ். ஜெர்மனியில் முதுகலை படித்து, பாலப் பராமரிப்பிலேயே வேலைக்குப் போக வேண்டும் என்பது ஆசை. அதற்கு முன் ஒரு ஆறு மாதம் அங்கேயே உட்கார்ந்து மொழியை முடித்துவிடலாம் என்று நினைத்தார். நினைத்ததில் தப்பே இல்லை. கேட்ட விசாவும், அதைக் கேட்ட விதமும்தான் தப்பு.

முதலில் அவர் முன்னால் இருந்த வழிகள்.

அவர் போய்ப் பார்த்த ஏஜென்ட் சொன்ன முதல் யோசனை, "ஷெங்கன்ல போயிடுங்க, அங்க போய் நீட்டிச்சுக்கலாம்." இது நம் ஊரில் சாகாவரம் பெற்ற பொய். ஷெங்கன் விசா ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசா; எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள் தங்கத்தான். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மொழி வகுப்புக்குப் போகத் தடை இல்லை. கோடை விடுமுறையில் ஒரு மாத வகுப்பில் சேர்ந்து திரும்புகிறவர்களுக்கு இதுவே போதும். ஆனால் தீவிர வகுப்பில் ஒரு நிலை முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். 90 நாளில் ஏ2-விலிருந்து பி1 வரலாம், அவ்வளவுதான். அங்கே போய் அதை நீண்டகால விசாவாக மாற்றிக்கொள்ளவும் நமக்கு வழி கிடையாது. திரும்பி வந்து வரிசையில் நிற்க வேண்டும்.

அப்படியானால் இந்தப் பொய் எங்கிருந்து வந்தது? ரொம்ப நாள் எனக்கும் புரியவில்லை. ஒருநாள் ஒரு மாணவன் யூடியூபைத் திறந்து காட்டினான். அமெரிக்கப் பெண் ஒருவர், விசாவே இல்லாமல் பெர்லினில் இறங்கி, மொழி வகுப்பில் சேர்ந்து, அங்கேயே அனுமதி வாங்கிய கதையைச் சொல்கிறார். அவர் சொல்வது உண்மைதான். அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இஸ்ரேல், பிரிட்டன் ஆகிய நாடுகளின் பாஸ்போர்ட்டுக்கு அந்த வசதி உண்டு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இல்லை. வீடியோ எல்லாருக்கும் ஒன்று, பாஸ்போர்ட் வேறு.

இரண்டாவது வழி, மொழி வகுப்புக்கென்றே இருக்கும் தேசிய விசா, அதாவது ஜெர்மனியில் நீண்டகாலம் தங்குவதற்கான விசா. ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தில் பிரிவு 16எஃப். மேற்படிப்புக்கான தயாரிப்பு அல்லாத, மொழிக்காக மட்டுமே போகும் படிப்பு. வகுப்பு தீவிர வகுப்பாக இருக்க வேண்டும்: வாரத்துக்குக் குறைந்தது 18 பாடவேளை. பாடவேளை என்பது 45 நிமிடம். மாலை வகுப்பும் சனி ஞாயிறு வகுப்பும் கணக்கில் வராது. அதிகபட்சம் ஒரு வருடம். விசா கட்டணம் 75 யூரோ.

இதில் பலர் கவனிக்காதது பணக் கணக்கு. மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது அங்கே போன பிறகு மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில், மாதம் 992 யூரோ காட்டினால் போதும். மொழி மட்டும் படிக்கப் போகிறவர் அதற்கு மேல் பத்து சதவீதம் கூட்டி 1,091 யூரோ காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு 6,546. ஒரு வருடமென்றால் 13,092. யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்கும் நாளில் பதின்மூன்று லட்சம். பட்டப்படிப்பு படிக்கிறவரைவிட வெறும் மொழி படிக்கிறவர் அதிகப் பணம் வைத்திருக்க வேண்டுமா என்று அந்த அப்பா கேட்டார். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது ஓ-பேர். ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மொழி கற்பது. விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஏ1 போதும். ஒரு வருடம் வரை தங்கலாம். வேலை வாரம் 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தங்குமிடம், சாப்பாடு போக மாதம் 280 யூரோ கைச்செலவுக்குத் தருவார்கள். மொழி வகுப்புக்கும் குடும்பம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். லட்சக்கணக்கில் முடக்கிப் போட வேண்டியதில்லை. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி இதுதான். சமையலறையிலும் குழந்தையின் அழுகையிலும் ஒட்டிக்கொள்ளும் மொழி வகுப்பறையில் ஒட்டாது. இவருக்கு 27 ஆக நான்கு மாதம் இருந்தது. ஆனால் பேச்சை எடுத்த உடனே அம்மா போனை வாங்கினார். "பி.இ. படிச்சுட்டு இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டி விடப் போறதா சார்?" அதோடு அந்த வழி மூடிக்கொண்டது. எனக்கும் அதில் வருத்தமில்லை. நான்கு வருட அனுபவம் உள்ள பொறியாளர் ஓ-பேராகப் போக விரும்புவது ஏன் என்று விசா அதிகாரி கேட்டால் சொல்ல எங்களிடம் பதில் இல்லை.

நான்காவது, 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சான்சன்கார்டே, அதாவது வாய்ப்பு அட்டை. வேலை தேடப் போகிறவர்களுக்கானது. மொழிக்காக வந்ததில்லை என்றாலும், அங்கே போய் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்த்துக்கொண்டு மொழியும் படிக்கலாம் என்று நிறையப் பேர் இதன்பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ஆறு புள்ளி வேண்டும். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 35 வயதுக்குள் என்பதற்கு இரண்டு, அண்மை ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவத்துக்கு இரண்டு, ஏ2-வுக்கு ஒன்று, ஆள் பற்றாக்குறைத் தொழில் என்பதற்கு ஒன்று. சரியாக ஆறு. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மாதிரி அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

நான்தான் வேண்டாம் என்றேன். ஐ.டி.க்காரர் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பெர்லினில் வேலை தேடலாம். பாலத்துக்கடியில் நிற்கிறவர் அப்படி முடியாது. ஜெர்மனியில் சாலைப் பாலங்களைச் சோதிக்கும் முறை டின் 1076 என்ற தரநிலையின்படி நடக்கிறது. ஆறு வருடத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை, இடையில் மூன்றாம் வருடம் எளிய சோதனை. விரிசலின் அகலத்திலிருந்து, தூணுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கும் பேரிங்கின் துரு வரைக்கும் அறிக்கையில் எழுத வேண்டும், அதுவும் ஜெர்மனில். ஏ2 வைத்துக்கொண்டு அந்த அறிக்கையை எழுத வேண்டாம், வாசிக்கவே முடியாது. ஒரு வருட அட்டை ஒன்றும் ஆகாமல் தீர்ந்துபோகும்.

ஐந்தாவதும் ஒன்று உண்டு. பல்கலைக்கழக இடம் தேடுகிறவர்களுக்கான ஒன்பது மாத விசா. இடம் கிடைக்குமா என்றே தெரியாதவர்கள் நேரில் போய்த் தேடுவதற்கானது. இங்கிருந்தே ஆன்லைனில் விண்ணப்பிக்க முடிகிறவருக்கு இது வீண் செலவு என்பது என் கருத்து. அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை.

ஆக 16எஃப். ஏஜென்டும் இதற்குத்தான் வந்து சேர்ந்திருந்தார். 2025 தொடக்கத்தில் விண்ணப்பம் போனது. அந்த வருடம் ஜனவரி முதல் ஜெர்மன் தேசிய விசாக்களுக்கு ஆன்லைன் போர்ட்டலிலேயே விண்ணப்பிக்கலாம் என்றாகிவிட்டதால் அந்த வேலை சுலபமாகவே நடந்தது. போகும் முன் ஃபைலை எனக்குக் காட்டவில்லை. ஜூலையில் மறுப்புக் கடிதத்தோடுதான் வந்தார்கள். பயண நோக்கம் குறித்து ஐயம் இருப்பதாகச் சாரம்.

அன்று ராத்திரி முழு ஃபைலையும் வாங்கிப் படித்தேன். நானே அதிகாரியாக இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

முதல் ஓட்டை வகுப்புச் சீட்டில் இருந்தது. ஏ2 சான்றிதழ் இணைத்திருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டிய வகுப்பு ஏ1-இல் தொடங்குகிறது! ஏஜென்டுக்கும் அந்தப் பள்ளிக்கும் ஏதோ ஏற்பாடு. அவர்கள் ஆறு மாதப் பொதியாகத்தான் விற்கிறார்கள். முடித்த பாடத்தை மறுபடி படிக்க ஒரு பெண் ஏழாயிரம் கிலோமீட்டர் போகிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

இரண்டாவது மோட்டிவேஷன் லெட்டர், ஏன் போகிறேன் என்று விண்ணப்பதாரர் எழுதும் கடிதம். ஒன்றரைப் பக்கம். ஜெர்மானியரின் நேரந்தவறாமை, பீத்தோவன், கார்கள். பாலம் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. ஆறு மாதம் முடிந்ததும் திருச்சிக்குத் திரும்பி "என் நிறுவனத்துக்கு ஜெர்மன் அறிவைப் பயன்படுத்துவேன்" என்று முடிகிறது. அந்த நிறுவனத்துக்கும் ஜெர்மனிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விடுப்புக் கடிதம்கூட வைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டுத்தான் போகிறார் என்பது சம்பளச் சீட்டின் கடைசித் தேதியைப் பார்த்தாலே தெரிகிறது.

"மாஸ்டர்ஸ் பண்ணப் போறேன்னு ஏன் எழுதலை?" என்று கேட்டேன்.

"கன்சல்டன்சில வேண்டாம்னுட்டாங்க சார். அதைப் பத்தி வாயே திறக்காதீங்க, அங்கேயே தங்கிடுவீங்கன்னு சந்தேகம் வரும்னாங்க."

இந்த ஒரு அறிவுரையில்தான் எல்லாம் கெட்டது. மற்ற ஓட்டைகளெல்லாம் அதிலிருந்து பிறந்தவை. நாம் அமெரிக்கச் சுற்றுலா விசா நேர்காணலை மனதில் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க அதே வேஷத்தைப் போடுகிறோம்: திரும்பி வந்துவிடுவேன், எனக்கு அங்கே ஒன்றும் வேண்டாம். ஜெர்மனியின் நீண்டகால விசா வேறு மாதிரி. நீ எதற்கு வருகிறாய் என்பதை வைத்துத்தான் சட்டமே பிரிவு பிரிவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொழி மட்டுமா, ஒரு பிரிவு. மேற்படிப்புக்கு முன்னோடியாக மொழியா, வேறு பிரிவு. தொழிற்பயிற்சிக்கு முன் மொழியா, இன்னொரு பிரிவு. மேற்படிப்பு என்று சொன்னால் கதவை மூடுவதில்லை. அதற்கென்றே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். இவர் அந்தக் கதவைத் தட்டாமல் பக்கத்துக் கதவைத் தட்டி, அங்கே பொய்க் காரணம் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார்.

மறுப்புக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று பார்த்தோம். முன்பெல்லாம் மறுப்பு வந்தால் செலவில்லாமல் ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதலாம். அந்த நடைமுறையை 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க எடுத்துவிட்டார்கள். இவருடைய கடிதம் வந்தது அதற்குப் பிறகு. மிச்சம் இருந்தவை இரண்டு: ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது புதிதாக ஒரு விண்ணப்பம். "கோர்ட்டுக்கா? பெர்லினுக்கா?" என்று அப்பா சிரித்துவிட்டார், அழாத குறையாக. தோற்ற ஃபைலுக்காக வழக்காடுவதில் அர்த்தமும் இல்லை. மறுப்பு நியாயமானதுதான்.

பணத்தைப் பொறுத்தவரை பிளாக்டு அக்கவுண்டில் போட்டது மறுப்புக் கடிதத்தைக் காட்டியதும் கட்டணம் போகத் திரும்பி வந்தது. வகுப்புக்குக் கட்டியதில்தான் பாதி போயிற்று. விசா கிடைக்காவிட்டால் என்ன திரும்பும் என்ற விதியை யாரும் படித்துப் பார்க்கவில்லை. பணம் கட்டும் முன் அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள் என்று இப்போது வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

இனி இரண்டாவது ஃபைல்.

அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஏன் ஜெர்மனி, ஏன் ஜெர்மன் மொழியில், இரண்டுக்கும் தமிழில் பதில் எழுதிக்கொண்டு வா. மறுநாள் மூன்று பக்கம் வந்தது. 2022 கடைசியில் திருச்சி காவிரிப் பாலத்தை மூடிவிட்டு வேலை நடந்தபோது, சிந்தாமணி பக்கம் தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்ததில் தொடங்குகிறது. 1976-இல் கட்டிய பாலம். பேரிங்கை மாற்றுவதற்காக அத்தனை பெரிய தளத்தை ஜாக்கி போட்டுத் தூக்குவதைப் பார்த்து அவருக்கு ராத்திரி தூக்கம் வரவில்லையாம். அடுத்த பக்கத்தில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் வருகிறது. 2024 செப்டம்பர் 11 அதிகாலை எல்ப ஆற்றுக்குள் ஒரு பகுதி விழுந்த கரோலா பாலம். 1971-இல் திறந்த முன்னழுத்தக் கான்கிரீட் பாலம். உள்ளே இருந்த எஃகுக் கம்பிகள் ஹைட்ரஜனால் வந்த அரிப்பில் வெளியே தெரியாமல் விரிசல் விட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. அதற்கு அடுத்து ஏ45 நெடுஞ்சாலையின் ராமெடெ பாலம். 2021 டிசம்பரில் மூடி, 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அறுபது எழுபதுகளில் கட்டிக் குவித்த பாலங்களெல்லாம் ஒரே சமயத்தில் கிழடாகிக்கொண்டிருக்கும் நாடு அது. நம் பாலங்களுக்கும் அந்த வயது வரும். அதைப் படிக்க அங்கே போக வேண்டும், அறிக்கைகள் ஜெர்மனில் இருப்பதால் ஜெர்மனில் படிக்க வேண்டும்.

பீத்தோவன் எங்கே, இது எங்கே! இத்தனையையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒருத்தி நேரந்தவறாமையைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

இந்தப் பதிலுக்குப் பொருந்திய பிரிவு 16பி. மேற்படிப்பு விசா. முதுகலை இடத்தை நிபந்தனையோடு தந்து, மொழித் தேர்வு தேறும்வரை தன்னுடைய தயாரிப்பு வகுப்பிலேயே உட்காரவைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அந்த நிபந்தனைச் சேர்க்கைக் கடிதம் கிடைத்துவிட்டால், மொழி வகுப்பும் படிப்பும் ஒரே விசாவின் கீழ் வந்துவிடுகின்றன. எல்லா நிபந்தனையும் நிறைவேறினால் இந்த விசா தரப்பட வேண்டியது, அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது அல்ல. பிளாக்டு அக்கவுண்டில் மாதம் 992, வருடத்துக்கு 11,904 யூரோ. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க உரிமை. தேர்வு முடிந்து முதுகலை தொடங்கும்போது ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை, அங்கேயே அனுமதியை நீட்டித்துக்கொள்ளலாம்.

சும்மா கிடைக்கவில்லை. தயாரிப்பு வகுப்பில் சேரவே அந்தப் பல்கலைக்கழகம் பி1 கேட்டது. ஆகவே பி1-ஐ இங்கேயே படித்தார், என் வகுப்பில் வாரம் ஆறு நாள். தேர்வைச் சென்னை நுங்கம்பாக்கத்தில் கெதே நிறுவனத்தில் எழுதினார். மாக்ஸ் முல்லர் பவன் என்றால்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும். இன்னொரு பக்கம் ஏபிஎஸ் சான்று. இந்திய மாணவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் இந்தத் தாள் 2022 நவம்பர் முதல் மேற்படிப்பு விசாவுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். சேர்க்கைக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல் மறுப்பு வந்த மாதமே அதற்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் ஒரு பருவம் போயிருக்கும்.

நவம்பரில் கடிதம் வந்தது. புது விண்ணப்பத்தில் பழைய மறுப்பை மறைக்கவில்லை. முதல் பத்தியிலேயே எழுதினார்: முன்பு மொழி வகுப்புக்கு விண்ணப்பித்தேன், என் மேற்படிப்புத் திட்டத்தை அதில் சொல்லாமல் விட்டது என் தவறு, இப்போது முழுவதையும் சொல்கிறேன். ஏஜென்ட் பேரில் பழி போட வேண்டாம், கையெழுத்து உன்னுடையது என்று நான் சொன்னதை முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டார். பிறகு காவிரி, எல்ப, டின் 1076. ஒரு பக்கத்துக்குள் அடக்கினோம். விசா பிப்ரவரியில் வந்தது.

நடந்ததைத் திரும்பிப் பார்த்தால் 16எஃப் மோசமான விசா என்று அர்த்தமில்லை. அதற்குப் பொருத்தமான ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியில் ஜெர்மன் சொல்லித் தரும் ஆசிரியை ஒருவர் சி1-ஐ அங்கே முடிக்க ஒரு வருட விடுப்போடு போனார், விடுப்புக் கடிதம் ஃபைலின் முதல் தாள். இன்னொருவர் ஜெர்மன் நிறுவனத்தின் சென்னைக் கிளையில் மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தவர். மொழியே அவர்களுக்குத் தொழில். மொழி முடிந்தால் அவர்கள் போன காரியமும் முடிந்தது. எவருக்கு மொழி படிக்கட்டு மட்டும்தானோ, அவர் மேல்மாடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நர்ஸிங் முடித்தவர்கள் இந்த விசாவைப் பற்றிக் கேட்டு வரும்போது இப்போதெல்லாம் நான் முதலிலேயே நிறுத்திவிடுகிறேன். அவர்களுடைய தகுதியை அங்கே அங்கீகரிப்பதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது, 16டி.

போன பிறகு ஒரு சின்னச் சிக்கல். தயாரிப்பு வகுப்பில் இருக்கும்வரை மாணவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர முடியாது, முறையாகப் பட்டப்படிப்பில் பதிவானால்தான் முடியும். அதுவரை தனியார் காப்பீடு. விலை குறைவு என்பதற்காக முதலில் எடுத்ததில் பல் வைத்தியம் இல்லை. போன மூன்றாம் வாரம் கடைவாய்ப் பல் வலி. அதை மாத்திரையிலேயே ஓட்டினார்.

ஏப்ரலில் வகுப்பு தொடங்கிய முதல் நாள் எனக்கு வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தி வந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு ஜப்பானியப் பெண், விசா இல்லாமலே வந்து இறங்கியவர். பின்னால் புனேக்காரர் ஒருவர், அதே வகுப்பில் மொழிக்காக மட்டும் சேர்ந்தவர், 16எஃப், மாதம் 1,091. "எல்லாரும் ஒரே புஸ்தகம்தான் சார் வெச்சிருக்கோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரு ரயில் பாலம் தெரிகிறது, அதன் மூன்றாவது தூணில் நீர்க்கசிவுக் கறை இருக்கிறது, ஆசிரியரிடம் அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அகராதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.